ஆர் சொன்னது அக்கா

அவருக்குப் பட்டம் கிடைக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதையின் கடைசிப் பந்தியில் மேடையும் மாலையும் கைதட்டலும் வரும் என்று யாரும் காத்திருக்க வேண்டாம். கிடைக்கவில்லை என்று சொல்வதுகூட முழுச் சரியில்லை. ஒரேயொரு பெயரை வெட்டினால் தருகிறோம் என்றார்கள். அவர் வெட்டவில்லை. அந்தப் பெயர் அவருடையதும் இல்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, சேற்றில் மட்டிச் சிப்பி பொறுக்கிப் பிழைத்த ஒரு பெண்ணுடையது.

எங்கள் கடையில் அவருக்கு 'ஆர் சொன்னது அக்கா' என்று பெயர். முகத்துக்கு முன்னாலேயே அப்படிக் கூப்பிடுவார்கள். அவரும் திரும்பிப் பார்ப்பார். இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு. திருகோணமலை உட்துறைமுக வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஒழுங்கை ஒன்றில் ஒரு பழைய தையற்கடையை வாடகைக்கு எடுத்து, ஆறு கணினிகளைப் போட்டு இணையக் கடை நடத்திக்கொண்டிருந்தேன். யுத்த காலத்தில் ஊருக்கு இரண்டு விதமான காற்று வீசும். ஒன்று கடலிலிருந்து வருவது, மற்றது வாயிலிருந்து வருவது. இரண்டாவதுதான் கூரையைப் பிடுங்கும். "நிலாவெளி றோட்டைப் பூட்டிட்டாங்களாம்." "இறக்கக்கண்டியில ஒரு வள்ளமும் இறக்க விடேல்லையாம்." "நாளைக்குப் பள்ளிக்கூடம் இல்லையாம்." ஒவ்வொரு கதையின் வாலிலும் ஒரு 'ஆம்' தொங்கும். சொன்னவன் அந்த வாலைப் பிடித்துக்கொண்டு இறங்கி ஓடிவிடுவான்.

அக்கா அந்த வாலைத்தான் மிதிப்பார்.

"ஆர் சொன்னது?"

"எல்லாரும் கதைக்கினம் அக்கா."

"எல்லாரும் எண்டு ஒரு ஆள் இல்ல. உமக்கு ஆர் சொன்னது?"

"சலூன்காரர்."

"அவருக்கு?"

"அது தெரியாது."

"அப்ப சலூன் மட்டும் போட்டுக்கொள்ளும். அங்கால போகாதேயும்."

இதைக் கேட்டு எரிச்சற்பட்டவர்கள் பலர். செத்த வீட்டில் போயும் இப்படித்தான் கேட்பார், நெஞ்சில் ஈரமில்லாத மனுசி என்றார்கள். எனக்கும் சில நாட்களில் அப்படித் தோன்றியதுண்டு. ஆனால் ஒழுங்கைக் கோடியில் இருந்த லொறிச் சாரதியின் விசயத்தை நான் பக்கத்தில் நின்று பார்த்தவன். கந்தளாய்க்கு நெல் ஏற்றப் போன மனிதர் மூன்று நாளாகத் திரும்பவில்லை. பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று ஒழுங்கை முழுவதும் முடிவுகட்டிவிட்டது. முறைப்பாட்டுக் கடிதம் ஒன்று அடித்துத் தரும்படி கேட்டு அவருடைய மனைவி கடைக்கு வந்தார். பாதியில் அழத் தொடங்கிவிட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் முதுகைத் தடவினார்கள். அக்கா ஒரு பேனையை எடுத்தார்.

"பிடிச்சதை ஆர் கண்டது?"

"மில்லுக்காரர் சொன்னவர்."

"அவர் கண்டவரோ?"

"இல்ல, அவருக்கு ஒரு கிளீனர் சொன்னவனாம்."

"எந்த லொறிக் கிளீனர்?"

"அக்கா, அவ அழுறா. விடுங்கோவன்" என்றேன் நான்.

"அழட்டும். அழுதுகொண்டே சொல்லலாம்."

ஒரு மணித்தியாலம் கடைத் தொலைபேசி அவர் கையில்தான் இருந்தது. மில்லுக்காரரைப் பிடித்து, அவர் மூலம் கிளீனரைப் பிடித்து, கடைசியில் கிளீனர் கண்டது லொறியை மட்டும்தான் என்று தெரிந்தது. வீதியோரம் ஆளில்லாமல் நின்ற லொறி. அச்சு முறிந்து நின்றிருக்கிறது. சாரதி சாமான் தேடித் தம்புள்ளைப் பக்கம் போயிருக்கிறார். அடுத்த நாள் மத்தியானம் வந்து சேர்ந்தவர், தன் வீட்டு வாசலில் கூட்டத்தைக் கண்டு, "ஆர் செத்தது?" என்று பதறிப்போனாராம்.

எல்லாக் கதையும் இப்படி முடிந்ததில்லை. பலது உண்மையாகவே இருந்தது. போனவர்கள் வராமலே போனார்கள். அப்போதும் அக்கா அதே கேள்வியை அதே குரலில்தான் கேட்டார். எதையும் பொய் என்று அவர் சொன்னது கிடையாது. சொன்ன ஆள் எழும்பி நிற்கவேண்டும், அவ்வளவுதான்.

கடைக்கு வருகிற ஒவ்வொருவரும் வாசலில் உள்ள கொப்பியில் பெயர், அடையாள அட்டை இலக்கம், வந்த நோக்கம் மூன்றையும் எழுதவேண்டும் என்பது அந்த நாளைய ஒழுங்கு. நோக்கம் என்ற இடத்தில் எல்லாரும் 'ஈமெயில்' என்று எழுதினார்கள். கனடாவுக்குக் காதல் கடிதம் எழுத வந்தவரும் ஈமெயில். வேலைக்கு விண்ணப்பிக்க வந்தவரும் ஈமெயில். அக்கா மட்டும் 'மட்டி' என்று எழுதுவார். திங்கள் மட்டி, புதன் மட்டி, வெள்ளி மட்டி. கொப்பியைச் சோதிக்க வந்த ஓர் உத்தியோகத்தர் பக்கங்களைப் புரட்டிவிட்டு, உடைந்த தமிழில், இது ஏதும் இரகசியச் சொல்லா என்று கேட்டார். அக்கா கதிரையை விட்டு எழும்பாமலே சொன்னார்: "சமைச்சுச் சாப்பிடுற சாமான் சேர். நீங்கள் உள்ள விட்டா நாளைக்கே பொறுக்கிக்கொண்டு வந்து காட்டுறன்."

உள்ளே என்றால் துறைமுகக் கரை. கடையிலிருந்து இருநூறு யார் தூரம். முள்ளுக்கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றால் தண்ணீர் வெயிலில் தகரம் போலத் தகதகப்பது தெரியும். சேற்றின் மணமும் வரும். கால் வைக்க மட்டும் ஏலாது.

அக்கா ஒரு பாடசாலையில் விஞ்ஞான ஆய்வுகூட உதவியாளர். நாற்பத்து நான்கு வயது. விரல் நகங்களில் அமிலம் பட்ட மஞ்சள். ஏன் கல்யாணம் செய்யவில்லை என்று கேட்டவர்களுக்கு, "நேரம் கிடைக்கேல்ல" என்று பதில். வேலை பார்த்துக்கொண்டே வெளிவாரியாகப் பட்டம் முடித்து, தூரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் முதுமாணிப் பட்ட ஆய்வுக்குப் பதிந்திருந்தார். உட்துறைமுகச் சேற்றுக்கரையின் மட்டிகளைப் பற்றி. பதிந்தபோது கரை திறந்திருந்தது. ஒன்றரை வருடத்தில் பாதுகாப்பு வலயம் என்று பூட்டிவிட்டார்கள். மேற்பார்வையாளர் வேறு தலைப்பு எடுக்கச் சொன்னார்.

"நான் மாட்டன் எண்டிட்டன்" என்றார் அக்கா. "கரையைத்தான் பூட்டினவை. கரையைப் பற்றி எழுதினதைப் பூட்டேல்லையே."

இப்படித்தான், இருநூறு யாருக்கு அப்பால் கிடந்த கடலைப் பார்க்க அவர் இணையத்துக்கு வந்தார்.

நாலாம் நம்பர் கணினி அவருடையது. திரையை இரண்டாகப் பிரித்து வைத்திருப்பார். மேல்பாதியில் பிரவுசர், உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் யாரோ மட்டியைப் பற்றி எழுதிய பக்கம். கீழ்ப்பாதியில், அந்தப் பிரவுசருக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு திறக்கும் இன்னொரு மென்பொருள். உசாத்துணைகளைச் சேர்த்து வைப்பதுதான் அதன் வேலை. கட்டுரை ஒன்றைத் திறந்ததும் முகவரிக் கட்டத்தின் ஓரத்தில் சின்னத் தாள் போல ஓர் அடையாளம் முளைக்கும். அதைத் தட்டினால் எழுதியவர், தலைப்பு, வருடம், சஞ்சிகை, நாங்கள் பார்த்த நாள் எல்லாம் மேலிருந்து கீழே இறங்கி வரிசையில் உட்காரும். பிறகு ஆய்வேட்டை எழுதும்போது, ஒரு வசனத்தின் முடிவில் வைத்துக் கிளிக் பண்ணினால், அந்த வசனத்துக்குப் பொறுப்பான ஆள் அங்கே வந்து நிற்பார். எங்கள் இணைப்போ நோயாளி மாதிரி. ஒரு பக்கம் இறங்கி முடிய ஒரு தேத்தண்ணி குடித்துவிடலாம். நடுவில் மின்சாரம் போகும். அவர் இருட்டுத் திரைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு இருப்பார், எழும்ப மாட்டார்.

"வலை போட்டு மீன் பிடிக்கிற மாதிரி இருக்கு அக்கா" என்றேன் ஒருநாள்.

"வலையில்ல தம்பி. வரவு இடாப்பு. பேர் கூப்பிட்டா எழும்பி நிக்கவேணும்."

கனகம்மாவை அவர் கண்டுபிடித்தது பாடசாலையில். வெருகல் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து அன்புவழிபுரத்தில் உறவுக்காரர் வீட்டில் இருந்தவர், ஐம்பது வயதிருக்கும். பாடசாலையில் கூட்டித் துடைக்கிற வேலைக்குத் தற்காலிகமாக எடுத்திருந்தார்கள். ஆய்வுகூடத்தைக் கூட்ட வந்தவர், போத்தலுக்குள் மிதந்த மட்டியைக் கண்டு நின்றுவிட்டாராம். "இதை ஏன் புள்ள ஊறுகாய் போட்டு வச்சிருக்காய்?"

கல்யாணம் முடித்த புதிதில் பதினைந்து வருடம் இந்தத் துறைமுகக் கரையில் குடிசை போட்டிருந்தவர் அவர். மட்டியைக் காலால்தான் தேடுவார்களாம். இடுப்பளவு தண்ணீரில் நின்று பெருவிரலால் சேற்றைத் தடவிக்கொண்டே போவது. ஓடு தட்டுப்பட்டால் குனிவது. புருசன் போனபிறகு சொந்த ஊருக்குத் திரும்பி, அங்கிருந்து யுத்தம் துரத்த, மறுபடியும் இங்கே.

ஒரு சனிக்கிழமை அக்கா அவரைக் கடைக்குக் கூட்டிவந்து நாலாம் நம்பருக்குப் பக்கத்தில் கதிரை போட்டார். கீழ்ப்பாதியில் புதிய பதிவொன்றைத் திறந்தார். வகை: நேர்காணல்.

"முழுப்பேர் சொல்லுங்கோ அக்கா."

"கனகம்மா."

"தகப்பன்ர பேர்?"

"அவர் எங்க மட்டி பொறுக்கினவர்? என்ர பேரை மட்டும் போடு."

மூன்றாம் நம்பரில் இருந்தவர் சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. எழுதியவர் என்ற கட்டத்தில் கனகம்மா என்று அடித்தார்.

"அதில என்ன போட்டிருக்கு?" என்றார் கனகம்மா.

"எழுதினவர் எண்டு."

"நான் எங்க புள்ள எழுதினனான்? கையெழுத்து வைக்கச் சொன்னாலே கோணலா ஓடும்."

"தட்டுறது நான். கதை உங்கட."

அன்றைக்குச் சொன்னதில் ஒன்று அக்காவின் ஆய்வையே புரட்டிப்போட்டது. மாரியில் ஆற்றுத் தண்ணீர் துறைமுகத்துக்குள் வந்து விழும்போது உப்புக் குறைந்து மட்டிகள் செத்துப்போகின்றன என்று அவர் சேர்த்து வைத்திருந்த பதினொரு கட்டுரைகளிலும் இருந்தது. அக்கா அதை வாசித்துச் சொன்னார்.

"விசர்க்கதை" என்றார் கனகம்மா. "சாகாது. கீழ போகும். சேத்துக்குள்ள இறங்கிக் கிடந்திட்டு, பங்குனி பிறக்க மேல வரும். நாங்கள் தோண்டித் திண்டனாங்கள். செத்த மட்டியையா திண்டனாங்கள்?"

அக்கா வெகுநேரம் தட்டினார். கனகம்மாவின் வாய்மொழி முழுவதையும் அந்தப் பதிவுக்குக் கீழே குறிப்பாக ஏற்றினார். பார்த்த நாள் என்ற கட்டத்திலும் மறக்காமல் அன்றைய திகதியைப் போட்டார்.

அடுத்த மாதம் அக்காவைச் சென்றியில், இராணுவக் காவலரணில், மறித்தார்கள். ஆய்வேட்டின் ஒரு பகுதியையும் உசாத்துணைப் பட்டியலையும் அச்செடுத்துப் பைக்குள் வைத்திருந்தார். சிப்பாய் சின்னப் பெடியன். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பெயர்கள், வருடங்கள், ஊர்கள், திகதிகள். வரிசையாக நாலு பக்கம்.

"இவங்க யாரு? எங்க இருக்காங்க?"

"கனபேர் செத்துப்போச்சினம்" என்றார் அக்கா. உண்மையைத்தான் சொன்னார்.

பெடியன் இரண்டு அடி பின்னால் போய்விட்டான். அவனுடைய பெரியவர் வந்து விளங்கிச் சிரிக்கும்வரை அக்கா இரண்டு மணித்தியாலம் வெயிலில் நின்றார். சிரித்த பெரியவரும் சும்மா விடவில்லை. வெள்ளைக்காரப் பெயர்களைத் தாண்டிப் பென்சிலோடு வந்தவர் ஓரிடத்தில் நின்றார். இந்தக் கனகம்மா எங்கே இருக்கிறார்? விலாசம் என்ன?

"தெரியாது" என்றாராம் அக்கா.

வாழ்நாளில் அவர் தெரிந்துகொண்டே தெரியாது என்று சொன்னது அந்த ஒரு தடவையாகத்தான் இருக்கும். கடைக்கு வந்து அதை என்னிடம் சொன்னபோது வாய் கசந்தவர் போல இருந்தார். பிறகு நாலாம் நம்பரில் இருந்து ஒரு வேலை செய்தார். அந்த மென்பொருளில் மேற்கோள் காட்டும் முறையை மாற்றலாம். பெயர் தெரிகிற முறையை எடுத்துவிட்டு, இலக்கம் மட்டும் தெரிகிற முறையைப் போட்டார். ஒரு நிமிடத்தில் ஆய்வேடு முழுவதும் பெயர்கள் மறைந்து, சதுர அடைப்புக்குள் இலக்கங்கள் வந்து நின்றன. கனகம்மா முப்பத்தொன்றாம் இலக்கம் ஆனார்.

"என்ர பையில இலக்கம்தான் போகும். ஆர் எந்த இலக்கம் எண்டது இஞ்ச, உம்மட கடையில கிடக்கட்டும்" என்றார். "தம்பி, நாலாம் நம்பரை மட்டும் துடைக்காதேயும்."

துடைப்பது என் வழக்கம். கடை பூட்டுமுன் ஒவ்வொரு கணினியிலும் பிரவுசரின் வரலாற்றை அழிப்பேன். யார் எந்தப் பக்கத்தைப் பார்த்தார்கள் என்று நாளைக்கு யாரும் வந்து கேட்டால் எனக்கே தெரியக்கூடாது. அதை ஒரு வழிபாடு மாதிரிச் செய்தேன். நாலாம் நம்பரை மட்டும் விட்டுவைத்தேன். ஏழு மாதம் விட்டுவைத்தேன்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம், றொட்டிக் கடைக்காரர் வாசலில் நின்று மூச்சிரைத்தார். "பக்கத்து வீதி நெற் கடையில வான் ஒண்டு வந்து கொம்பியூட்டர் எல்லாத்தையும் ஏத்துறாங்களாம். ஓனரைக் காணேல்லையாம்."

நான் ஆர் சொன்னது என்று கேட்கவில்லை. மூன்று வருடமாக அந்தக் கேள்வியைக் காதால் கேட்டுக்கொண்டிருந்தவன், கேட்கவில்லை. இருந்த ஆட்களை வெளியே அனுப்பிவிட்டு ஒவ்வொன்றாகத் துடைத்தேன். கடைசியாக நாலாம் நம்பருக்கு வந்தேன். எதை விடுவது, எதை அழிப்பது என்று ஆராய நேரமில்லை. பிரவுசரை அடியோடு கழற்றி, அதன் கோப்புறையையும் சேர்த்து அழித்தேன். அந்த மென்பொருள் தன் சேமிப்பு முழுவதையும் அதே கோப்புறைக்குள்தான் வைத்திருந்தது என்பது எனக்குத் தெரியாது.

மூன்றரைக்கு அக்கா வந்தார். கொப்பியில் மட்டி என்று எழுதினார். போய் இருந்தார். நான் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை.

அவர் திரையைப் பார்த்தபடியே கேட்டார்: "ஆர் சொன்னது?"

"றொட்டிக் கடைக்காரர்."

"போய்க் கேட்டுட்டு வாரும்."

"அக்கா…"

"கேட்டுட்டு வாரும். நான் இருக்கிறன்."

போனேன். பக்கத்து வீதிக் கடைக்கு முன்னால் வாழைமரம் கட்டியிருந்தது. அந்தக் கடைக்காரரின் மகள் பெரியபிள்ளையாகி அன்றைக்குச் சாமத்தியவீடு. வீட்டு விறாந்தைதான் அவர்களுக்குக் கடை. விருந்தாட்களை இருத்த இடம் வேண்டுமென்று கணினிகளை மைத்துனரின் வானில் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். காணாமற்போன முதலாளி சமையற்காரரைக் கூட்டிவரப் போயிருந்தார். என் முகத்தைப் பார்த்து, அழைக்கவில்லை என்று கோபித்து வந்திருக்கிறேன் என நினைத்துக்கொண்டு, வீட்டுக்கார அம்மா ஒரு பை நிறையப் பயற்றம் பணியாரத்தைக் கையில் திணித்துவிட்டார்.

அந்தப் பையோடு கடைக்குள் நுழைந்ததை இன்று நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. விசயத்தைச் சொன்னேன். அக்கா ஏசுவார் என்று நின்றேன். ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். அவர் ஒரு பணியாரத்தை எடுத்துக் கடித்தார். மென்று விழுங்கினார்.

"பிரவுசரைத் திருப்பிப் போடும். ஒண்டில இருந்து தொடங்குவம்."

ஆய்வேடு அவருடைய பென் டிரைவில் பத்திரமாக இருந்தது. வசனங்கள் எல்லாம் இருந்தன. ஒவ்வொன்றின் முடிவிலும் இலக்கமும் இருந்தது. இலக்கத்துக்குப் பின்னால் ஆள் இல்லை. அந்த வருடங்களில் எங்கள் ஊரில் இதை யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. எத்தனையோ கந்தோர்களில் எத்தனையோ கோப்புகளில் இலக்கங்கள் இருந்தன.

நான் மூன்றாம் நம்பரில் இருந்தேன், அவர் நாலாம் நம்பரில். அவர் வசனத்தை வாசிப்பார், எந்தச் சொல்லைப் போட்டுத் தேடவேண்டும் என்று சொல்வார், நான் தேடுவேன். சில கட்டுரைகள் முதல் தட்டிலேயே வந்தன. சில பக்கங்கள் இடம் மாறியிருந்தன. சில தளங்களை நாட்டிலேயே மறித்திருந்தார்கள். அவற்றுக்குச் சுற்றுவழி பிடித்தோம். எனக்குச் சலித்தது. அவருக்குச் சலிக்கவில்லை. இரண்டு மாதத்தில் வரவு இடாப்பு நிறைந்தது, ஒரு ஆளைத் தவிர. முப்பத்தொன்று.

கனகம்மா அப்போது இங்கே இல்லை. இடம்பெயர்ந்தவர்களைத் திருப்பி அனுப்பத் தொடங்கி, அவரும் பஸ் ஏறிப் போய்விட்டார். வாய்மொழிக் குறிப்பு முழுவதும் அழிந்துவிட்டது.

"உங்களுக்குத்தான் ஞாபகம் இருக்கே, அதை எழுதுங்கோ" என்றேன்.

"என்ர ஞாபகத்துக்கு ஆர் சாட்சி? பதிவு இல்லாட்டி வசனம் இல்ல."

மேற்பார்வையாளருக்கும் அதுதான் வேண்டியிருந்தது. கடைத் தொலைபேசியில் அவர் பேசியது எனக்கே கேட்டது. "நல்லதாப் போச்சுது மிஸ். அந்த ஒரு வசனத்தைத் தூக்கிவிடுங்கோ. பதினொரு பேர் எழுதினதுக்கு எதிரா ஒரு படிக்காத மனுசியின்ர கதையை வைச்சா பரீட்சகர்மார் விடாயினம். தூக்கினா நான் நாளைக்கே கையெழுத்து வைக்கிறன்."

"அந்தப் பதினொரு பேரில ஒராளும் இந்தச் சேத்துக்குள்ள கால் வைக்கேல்ல சேர்."

"நீங்களும்தான் வைக்கேல்ல."

"ஓம். அதுதான் வைச்ச ஆளைப் போடுறன்."

கனகம்மாவைத் தேடிப் போக அனுமதிப் பாஸ் எடுக்க ஒன்பது நாள் அலைந்தோம். படகில் மூதூர் போய், அங்கிருந்து பஸ்ஸில், இறங்கி நடந்து வெருகல் பக்கம் போனோம். நானும் போனேன், போகாமல் இருக்க எனக்கு முகம் இல்லை. கனகம்மா தகரக் கூரைக்கு மேலே ஏறி ஆணி அடித்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும், "மட்டிப் புள்ளையா!" என்று மேலேயிருந்தே கத்தினார். இறங்கி வந்து, கடையில் நடந்ததைக் கேட்டு, என்னை மேலும் கீழும் பார்த்து, "அறுவான்" என்று ஏசினார். அதோடு என் கணக்குத் தீர்ந்தது.

அக்கா ஆய்வேட்டிலிருந்த வசனத்தைத் தமிழில் வாசித்தார். மாரியில் மட்டிகள் ஒரு சாண் ஆழத்துக்குச் சேற்றுக்குள் இறங்குகின்றன.

"சாணெண்டு ஆர் சொன்னது?" என்றார் கனகம்மா.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்காவின் முகத்தைப் பார்க்கவும் ஏலவில்லை.

"நீங்கள் சொன்னனீங்கள் எண்டுதான்…"

"நான் முழமெண்டு சொன்னனான். சாணில கிடந்தா நண்டு விடுமா?"

அக்கா பேனையை எடுத்தார். சாணை வெட்டி முழம் என்று எழுதினார். "பிழை என்ர" என்றார், குழந்தை பாடம் ஒப்புவிப்பதுபோல. பிறகு, தான் கேட்க வந்த மற்றதைக் கேட்டார்.

"அக்கா, பேரைப் போட்டா ஒருநாள் ஆரும் வந்து விசாரிக்கலாம். ஒருக்கா விசாரிச்சும் போட்டாங்கள். பயமெண்டாச் சொல்லுங்கோ, இலக்கமாவே விட்டுடுறன்."

கனகம்மா சுத்தியலை நிலத்தில் வைத்தார்.

"நிவாரண அட்டையில இலக்கம். வரிசையில இலக்கம். பஸ்ஸில ஏத்தேக்கையும் இலக்கத்தைத்தான் கூப்பிட்டாங்கள். காணும் புள்ள. பேரைப் போடு."

போட்டார். ஊர் திரும்பிய அன்றே, முறையை மாற்றி, எல்லாப் பெயர்களையும் வெளியே கொண்டுவந்தார். மேற்பார்வையாளர் முணுமுணுத்துக்கொண்டு அனுப்பிவைத்தார். ஐந்து மாதம் கழித்துப் பரீட்சகர்களிடமிருந்து திருத்தப் படிவம் வந்தது. இரண்டு நிரல்கள். இடப்பக்கம் செய்யவேண்டிய திருத்தம், வலப்பக்கம் அதைச் செய்த பக்க இலக்கம். மொத்தம் இருபத்துமூன்று. பதினான்காவது: பிரசுரிக்கப்படாத வாய்மொழி மூலமும் அதைச் சார்ந்த வசனமும் நீக்கப்படல் வேண்டும். எல்லாத் திருத்தமும் செய்தால் பட்டம்.

ஒரு வாரத்தில் இருபத்திரண்டையும் செய்து முடித்தார். முற்றுப்புள்ளி, அட்டவணை, படத்தின் தலைப்பு, எதையும் விடவில்லை. பரீட்சகர்கள் காணாத இரண்டு பிழைகளைத் தானே கண்டுபிடித்துத் திருத்தினார். சனிக்கிழமை காலை நாலாம் நம்பரில் இருந்து படிவத்தை நிரப்பினார். பக்க இலக்கம், பக்க இலக்கம், பக்க இலக்கம். பதினான்காவதுக்கு எதிரே ஒரு சொல்லை அடித்தார்.

செய்யப்படவில்லை.

நான் தோளுக்குப் பின்னால் நின்று வாசித்தேன். நாற்பத்தைந்து வயது. இரவல் நேரத்தில் ஐந்து வருடப் படிப்பு. அந்தப் பட்டம் வந்தால் ஆய்வுகூடத்தில் போத்தல் கழுவும் வேலையிலிருந்து வகுப்பறைக்குப் போயிருப்பார்.

"காரணம் ஒண்டையாவது எழுதுங்கோ அக்கா. சும்மா விட்டா திமிர் எண்டு நினைப்பினம்."

"காரணத்துக்கு அவை இடம் விடேல்ல. ரெண்டு நிரல்தான் இருக்கு."

"மூண்டாவது நிரல் ஒண்டு நான் போட்டுத் தரட்டோ?"

அவர் யோசித்தார். ஒரு கணம், ஒரேயொரு கணம், சரி என்று சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன். திரையில் அந்தச் சொல்லை மறுபடியும் எழுத்தெழுத்தாக வாசித்தார்.

"நிரல் வேண்டாம் தம்பி. இந்தச் சொல்லைக் கொஞ்சம் தடிப்பாக்கித் தாரும்."

தடிப்பாக்கிக் கொடுத்தேன். அச்சியந்திரத்தில் மை முடியும் தறுவாய். மற்ற இருபத்திரண்டு வரிகளும் சாம்பல் நிறத்தில் மங்கி இறங்கின. அந்த ஒரு சொல் மட்டும் கன்னங்கரேலென்று வந்தது.